நெய்யும் சாக்ஸும் ஒரே குடும்பம்

இராஜபாளையம்,
ஞாயிற்றுக்கிழமை மாலை.

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய வேல்பாண்டி சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகள் வெங்கடேஸ்வரி பணிவுடன் எழுதுவது. இங்கே வெயில் உண்டு, மழை இல்லை. அப்பாவுக்குச் சளி குணமாகிவிட்டது. டைகர் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறான். அங்கே பனியில் காதை மூடிக்கொண்டு காவல் நிற்கிறீர்களா என்று அம்மா கேட்கச் சொன்னார். அதாவது போன வாரம் கேட்கச் சொன்னார். இன்று அம்மா என்னிடம் எதையும் சொல்லும் நிலையில் இல்லை.

சித்தப்பா, மத்தியானம் போனில் அப்பா உங்களிடம் "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது" என்று சொன்னது பொய். சிக்னல் போய்விட்டதும் பொய், அப்பாதான் கட் செய்தார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து உங்களுக்குப் பேசியிருக்கும் பெண்ணின் வீட்டார் நம் வீடு பார்க்க வந்தார்கள். கை நனைக்காமல் எழுந்து போய்விட்டார்கள். சம்பந்தம் பிடித்திருந்தால்தான் பெண் வீட்டார் பந்தியில் உட்காருவார்கள், பிடிக்காவிட்டால் காபி பலகாரத்தோடு கிளம்பிவிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நாங்கள் போட்ட இலைகள் போட்டபடியே காய்ந்துகொண்டிருக்கின்றன. குற்றவாளி நான்தான் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. நானும் யோசித்துப் பார்த்து அதை ஒப்புக்கொண்டேன். ஆனாலும் இதில் கரிம வேதியியலுக்கு எவ்வளவு பங்கு, அப்பாவுக்கு எவ்வளவு பங்கு என்பதை நீங்கள் பாரபட்சமில்லாமல் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

லீவு முடிந்து நீங்கள் ரயில் ஏறிய அன்று, பிளாட்பாரத்தில் எல்லோரும் முறுக்குப் பொட்டலத்தைப் பையில் திணிப்பதில் மும்முரமாக இருந்தபோது, நீங்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏட்டி, கனகலட்சுமிய ஒனக்குப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டீர்கள். வீட்டில் வேறு யாரிடமும் நீங்கள் அப்படிக் கேட்டதாகத் தெரியவில்லை. நான் பிடித்திருக்கிறது என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. மஞ்சள் கறையில் சோப்புப் பட்டால் ஏன் சிவக்கிறது என்று நான் நம் வீட்டில் பலமுறை கேட்டிருக்கிறேன். மட்டமான சோப்பு என்றார் அப்பா. துவைக்க வந்தாயா, கேள்வி கேட்க வந்தாயா என்றார் அம்மா. நிச்சயம் பேச்சு ஆரம்பித்த நாளில் போனை என் கையில் கொடுத்தபோது, என்ன பேசுவது என்று தெரியாமல் அதையே அவர்களிடமும் கேட்டுவிட்டேன். அவர்கள் இரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறவர்கள் அல்லவா? "மஞ்சள் மூலக்கூறுக்கு ரெண்டு முனையிலயும் ஆளுக்கொரு ஓஹெச் தொங்குது. சோப்பு அதுல இருந்து ஹைட்ரஜனப் பிடுங்கிருது. கோவத்துல செவக்குது" என்றார்கள். அன்றே நான் மனதுக்குள் அவர்களைச் சித்தி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். எங்கள் பாடத்தில் வினைசெயல் தொகுதி என்று ஒன்று வரும் சித்தப்பா. வெறும் கார்பனும் ஹைட்ரஜனும் கைகோத்த நீளச் சங்கிலி மெழுகு மாதிரி. யாரோடும் சேராது, சும்மா கிடக்கும். அதன் ஓரத்தில் ஒரு சின்னத் தொகுதி வந்து ஒட்டிக்கொண்டால்தான் அதற்கு ருசி, மணம், குணம் எல்லாம் வருகிறது. நம் வீடு அந்தச் சங்கிலி. கனகலட்சுமி சித்தி வந்து ஒட்ட வேண்டியவர்கள். இதைத்தான் நான் கெடுத்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். என்ன பலகாரம் வைப்பது என்பதில்தான் எல்லாம் தொடங்கியது. பெண்ணின் அப்பா பால்ச்சாமி தாத்தா (இன்னும் தாத்தா ஆகவில்லை, ஆனால் அப்படியே கூப்பிட்டுப் பழகச் சொல்லி அப்பா உத்தரவு) ஸ்ரீவில்லிபுத்தூரில் சொந்தமாகப் பால்கோவாக் கடை வைத்திருப்பவர். அவருக்கு வைக்கப் பால்கோவா வாங்கப் போவதாக அப்பா சொன்னார். அம்மா அரிவாள்மனையை மடக்கி வைத்துவிட்டு, "கொல்லந் தெருவுல போயி ஊசி விக்கப் போறீயளா?" என்று கேட்டார். அப்பா அதற்கு மேலே யோசித்திருந்தார். பால்கோவாவைப் பால்ச்சாமி தாத்தாவின் கடையிலேயே, அவருக்குத் தெரியாமல் வாங்கிவிடுவது. அவருடைய சரக்கில் அவரே எப்படிக் குறை சொல்லுவார்? சாப்பிட்டு முடித்ததும் "உங்க கடை ருசிதான் எங்களுக்குப் பிடிக்கும்" என்று சொன்னால் அவர் குளிர்ந்து போவார். இது அப்பாவின் திட்டம். மில்லில் அப்பாவோடு வேலை பார்க்கும் சோலைராஜ் அண்ணன் தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். அவரிடம் சொல்லிவிட, சனிக்கிழமை சாயங்காலமே பெட்டி வந்து சேர்ந்தது. அப்பா கோவாவைச் சில்வர் தட்டுக்கு மாற்றி, பெட்டியை அடுப்பில் போட்டு எரித்தார். பிறகு என்னை உட்கார வைத்து இரண்டு எச்சரிக்கை கொடுத்தார். பால்ச்சாமி தாத்தாவின் அண்ணன் ஆண்டிச்சாமி என்பவரைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. பாகம் பிரித்து, கடைக்கு நடுவில் சுவர் எழுப்பி, அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்த கடையில் முகம் பார்க்காமல் இருக்கிறார்களாம். கல்யாணப் பத்திரிகையில் அண்ணன் பெயர் போடக் கூடாது என்பதுவரை பேச்சு போயிருக்கிறது. இரண்டாவது, கெமிஸ்ட்ரி பேசக் கூடாது. முதல் எச்சரிக்கையை நான் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தேன்.

வந்தது மூன்று பேர். பால்ச்சாமி தாத்தா, அவர் மனைவி பெத்தம்மாள் ஆச்சி, ஆச்சியின் தம்பி பாண்டிதுரை. இவர் போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், இன்னமும் ஷூ போட்டுத்தான் நடக்கிறார். ஷூவை வாசலில் கழற்றிவிட்டுச் சாக்ஸோடு வந்து உட்கார்ந்தார். டைகருக்குத்தான் பிறவியிலேயே காது கேட்காதே, உலகத்தை அவன் மூக்கால்தானே தெரிந்துகொள்கிறான்? கொல்லைப்புறம் கட்டிப்போட்டிருந்தவன் எப்படியோ அவிழ்த்துக்கொண்டு வந்து, எல்லோரையும் விட்டுவிட்டுப் பாண்டிதுரை தாத்தாவின் சாக்ஸ் மேல் தாடையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். இழுத்தாலும் வரவில்லை. அந்த நேரம் பார்த்து அம்மா அடுப்பில் நெய் காய்ச்சிக்கொண்டிருந்தார். பாண்டிதுரை தாத்தா சங்கடத்தை மறைக்க, "நெய் வாசம் தூக்குதே" என்றார். பிறகு நாயைக் காட்டி, "இவன் என்ன, இங்கயே படுத்துட்டான்?" என்று சிரித்தார். ஒரு கேள்வி பதில் இல்லாமல் காற்றில் நின்றால் எனக்குத் தாங்காது. "நெய்யோட வாசனை பியூட்டிரிக் அமிலம், தாத்தா. நாலு கார்பன், முனையில ஒரு கார்பாக்சில் தொகுதி. சாக்ஸ்ல வாரது அதே மாதிரி, அஞ்சு கார்பன். நெய்யும் சாக்ஸும் ஒரே குடும்பம்" என்றேன். நெய்யை வைத்துத் தொழில் செய்கிறவர் முன்னால் அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்பது சொல்லி முடித்த பிறகுதான் புரிந்தது. பாண்டிதுரை தாத்தா காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். டைகரும் நாற்காலிக்கு அடியில் போனான்.

அவன் போன வேகத்தில் அம்மா கொண்டுவந்த காபித் தட்டில் இடித்து, ஒரு டம்ளர் காபி முழுவதும் பால்ச்சாமி தாத்தாவின் வெள்ளை வேட்டியில் கவிழ்ந்தது. அப்பா பதறி ஓடி, மில்லிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த கட்டிலிருந்து ஒரு பீஸ் துணியைக் கிழித்துக் கொண்டுவந்து ஒற்றினார். ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் பேண்டேஜ் துணி நெய்கிற மில், காபி ஒரு நொடியில் உறிஞ்சப்பட வேண்டும். உறிஞ்சவில்லை. துணி காபியை மடியிலிருந்து முழங்காலுக்கும் முழங்காலிலிருந்து கரைக்கும் தள்ளிக்கொண்டே போனது. அப்பா அழுத்தித் துடைக்கத் துடைக்கக் காபியின் எல்லை விரிந்தது. எனக்குக் காரணம் தெரியும். பஞ்சு நூல் முழுக்க ஹைட்ராக்சில் தொகுதி. தண்ணீரைக் கண்டால் கட்டிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அப்பா எடுத்து வந்தது வெளுப்பதற்கு முன்னால் உள்ள கோராத் துணி. அதன் மேல் செடி பூசிய மெழுகு அப்படியே இருக்கும். மெழுகில் வெறும் கார்பன், ஹைட்ரஜன் சங்கிலி. பிடித்துக்கொள்ளக் கை கிடையாது. இதையும் சொன்னேன், அப்பா தவறு செய்யவில்லை, துணிதான் ஒத்துழைக்கவில்லை என்று அவர்களுக்குத் தெரியட்டும் என்ற நல்ல எண்ணத்தில். "கறை போயிரும்லா?" என்று பெத்தம்மாள் ஆச்சி மட்டும் கேட்டார். சித்தப்பா, அந்த நிமிடம்வரைகூட எல்லாம் கைமீறிப் போய்விடவில்லை. பால்ச்சாமி தாத்தா, பரவாயில்லை, காபிதானே என்று சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கறையை உள்ளே தள்ளிக்கொண்டார். நல்ல மனிதர்.

அப்போதுதான் அப்பா பால்கோவாத் தட்டை நீட்டினார். பால்ச்சாமி தாத்தா பேச்சுக்கு நடுவே ஒரு விள்ளலை வாயில் போட்டார். மெல்லவில்லை, விழுங்கவும் இல்லை, வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு இன்னொரு விள்ளல் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டார்.

"இது எங்க வாங்குனது?" என்று கேட்டார்.

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, அப்பா பயந்துவிட்டார். உங்கள் கடையில் வாங்கியது என்று பெருமையாகச் சொல்ல வேண்டிய இடத்தில், "வாங்கலைங்க, வீட்டுல கிண்டுனது" என்று சொல்லிவிட்டார்.

பால்ச்சாமி தாத்தா அம்மாவைப் பார்த்தார். "நீயா கிண்டுன, தாயி?"

அம்மா பாயசக் கரண்டியோடு நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டைகரைப் பார்த்தார். "ஆமா, காலையில" என்றார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அம்மா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. இன்றைக்குச் சொன்னதும் உங்களுக்காகத்தான்.

பொய் பிடிபடப்போகிறது, யாராவது பேச வேண்டும். அதனால் நான் பேசினேன். கோவாவின் நிறம் கொஞ்சம் வெளுப்பாக இருப்பதைப் பார்த்துத்தான் தாத்தா சந்தேகப்படுகிறார் என்று நினைத்து, வீட்டில் கிண்டினால் ஏன் நிறம் குறையும் என்பதை விளக்க ஆரம்பித்தேன். பாலின் சர்க்கரையில் ஓர் ஓரத்தில் ஆல்டிஹைடு தொகுதி இருக்கிறது, பாலின் புரதத்தில் அமினோ தொகுதி இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால்தான் அந்தப் பழுப்பு நிறமும் மணமும் வரும் என்றேன். பாண்டிதுரை தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆல்டிஹைடா? மீனு கெடாம இருக்க ஊத்துதானுவளே, அந்த மருந்தா?" என்று போலீஸ் குரலில் கேட்டார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அது உண்மையாக இருக்காதே. "அதே குடும்பந்தான் தாத்தா. அது ஒரே கார்பன் உள்ள கடைக்குட்டி" என்றேன். பால்கோவாக் கடைக்காரர் முன்னால், பால்கோவாவில் இருப்பது பிணத்துக்கும் ஊற்றும் அந்த ஃபார்மலின் மருந்தின் சொந்தம் என்று சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அதைச் சரிக்கட்ட அவசரமாக மேலே போனேன். "இந்தக் கோவால ரெண்டும் பக்கத்துப் பக்கத்துலதான் இருக்கு தாத்தா. ஆனா சேரலை. இன்னுங் கொஞ்சம் சூடு பட்டிருந்தா சேந்திருக்கும். சேரும்போது ஒரே ஒரு தண்ணி மூலக்கூறு வெளிய போவும், அம்புட்டுத்தான்."

பால்ச்சாமி தாத்தா தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கண்ணைத்தான் துடைத்தார் என்று எனக்குத் தோன்றியது, அடுப்பங்கரைப் புகையாக இருக்கும். எழுந்தார். "பொறவு பேசிக்கிடுவோம்" என்றார். நம் ஊரில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். இலை போட்டாயிற்று, ஒரு வாய் சாப்பிட்டுப் போகலாம் என்று அம்மா வாசல்வரை ஓடினார். அவர்கள் பஸ் ஏறிவிட்டார்கள்.

அதன் பிறகு நடந்ததை எழுத மனம் வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். "சம்பந்தி சாக்ஸ நெய்யில முக்கி எடுத்துட்டியேட்டி" என்று அப்பா என்னைச் சொன்னார். பொய் சொல்லி மாட்டிவிட்டதற்காக அம்மா அப்பாவைச் சொன்னார். கோராத் துணியை வீட்டில் வைத்ததற்கும் சேர்த்துச் சொன்னார். பாயசத்தை யாரும் தொடவில்லை. அப்பா சட்டையைக் கூடக் கழற்றாமல் உங்கள் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் சீருடையில் சிரிக்கிற படம் அது.

சித்தப்பா, உங்களால் முடிந்தால் பால்ச்சாமி தாத்தாவுக்கு ஒரு வரி எழுதுங்கள். எங்கள் வீட்டில் பெரியவர்கள் எல்லாம் மரியாதை தெரிந்தவர்கள், ஒரு பெண்தான் அதிகம் படித்துக் கெட்டுப்போயிற்று, அதையும் திருத்திவிட்டோம் என்று எழுதுங்கள். அது பொய்யாகாது. இனிமேல் பரீட்சைத் தாளுக்கு வெளியே கெமிஸ்ட்ரி பேசுவதில்லை என்று சாமி படத்துக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டேன். பிளஸ் டூ முடிந்ததும் பி.காம். சேர்ந்துகொள்கிறேன். கனகலட்சுமி சித்தியிடம் (இனிச் சித்தி என்று எழுதலாமா என்று தெரியவில்லை) ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அதையும் கேட்கப் போவதில்லை.

அங்கே குளிரில் உங்கள் மனதையும் சேர்த்து நடுங்க வைத்ததற்கு மன்னியுங்கள். நீங்கள் எல்லையைக் காக்க, கழுகுமலை முருகன் உங்களைக் காக்க, என் வாயை யாராவது காக்க வேண்டிக்கொண்டு,

தங்கள் அண்ணன் மகள்,
வெங்கடேஸ்வரி.

பின்குறிப்பு: திங்கட்கிழமை மாலை. சித்தப்பா, மேலே உள்ளதில் நீங்கள் வருத்தப்பட வேண்டியது எதுவும் இல்லை. உறையை ஒட்டிவிட்டேன், மறுபடி பிரித்து எழுதுகிறேன்.

இன்று மத்தியானம் பால்ச்சாமி தாத்தா திரும்பி வந்தார். கூடவே அவரைப் போலவே, ஆனால் அவரைவிடப் பருமனாக ஒருவர். பின்னால் பெத்தம்மாள் ஆச்சி. சொல்லிவிடாமல் வந்ததால் டைகர் அவிழ்ந்துதான் கிடந்தான், அப்பா பனியனோடு இருந்தார். பால்ச்சாமி தாத்தா வாசலில் நின்றபடியே, "சோறு இருக்கா, தாயி?" என்று கேட்டார். நேற்றைய ஏழு கறியும் போய், ரசமும் சுட்ட அப்பளமும்தான் இருந்தது. இலைகூட இல்லை. மூவரும் தட்டில் வாங்கி, தரையில் உட்கார்ந்து, இரண்டாம் முறையும் ரசம் கேட்டுச் சாப்பிட்டார்கள். கை நனைத்தாயிற்று சித்தப்பா! அம்மா அடுப்பங்கரைக்குள் போய்க் கதவுக்குப் பின்னால் நின்று அழுதார்.

விஷயத்தைப் பெத்தம்மாள் ஆச்சிதான் சொன்னார். பால்ச்சாமி தாத்தாவின் கடையில் சனிக்கிழமை கூட்டமாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிடுமே என்று சோலைராஜ் அண்ணன் பக்கத்துக் கடையில் வாங்கிவிட்டார். பக்கத்துக் கடை, இன்று கூட வந்திருந்த அந்தப் பருமனான அண்ணன் ஆண்டிச்சாமி தாத்தாவின் கடை. பெட்டியில் இருந்த பெயரைப் படிக்காமலே அப்பா எரித்திருக்கிறார். பாகம் பிரித்ததிலிருந்து தம்பி வாயில் படாத கோவா அது. வாயில் போட்டதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. அப்பா சொன்ன பொய், அம்மா சொன்ன பொய், காபி, மீன் மருந்து எதுவுமே அவர் காதில் ஏறவில்லையாம். பஸ்ஸில் மட்டும் ஆச்சியிடம், "பக்கத்துப் பக்கத்துல இருந்தும் சேரலைன்னுச்சே அந்தப் புள்ள, எங்க அண்ணன் தம்பி கதைய யாரும் அதுக்குச் சொல்லிக் குடுத்திருக்காவளோ?" என்று கேட்டிருக்கிறார். இறங்கினவர் தன் கடைக்குப் போகாமல் அண்ணன் கடை முன்னால் போய் நின்றாராம். தெருவே வேடிக்கை பார்த்ததாம்.

"நீ இப்பமும் செத்த நேரம் முன்னாடியே எறக்கிருத" என்றாராம் தம்பி.

"நீ இப்பமும் கருக்கிருத" என்றாராம் அண்ணன்.

அண்ணன் முக்காலியை நகர்த்திப் போட்டாராம், தம்பி உட்கார்ந்தாராம். பத்திரிகையில் இப்போது ஆண்டிச்சாமி தாத்தாவின் பெயர்தான் முதலில் வரப்போகிறது. பலகாரம் யார் கடையிலிருந்து என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. ரசம் சாப்பிடும்போதே அதில் சண்டை வந்துவிட்டது. நான் சமாதானம் செய்ய வாயைத் திறந்தேன், அப்பா கண்ணாலேயே அடக்கினார். ஆனால் பால்ச்சாமி தாத்தா என்னைக் காட்டி அண்ணனிடம், "நெய்யும் சாக்ஸும் ஒரே குடும்பம்னு இந்தப் புள்ளதான் சொல்லுச்சு" என்றார். அவர்கள் இருவரில் யார் நெய், யார் சாக்ஸ் என்று அதற்கும் ஒரு சண்டை. பஸ் ஏறும்வரை தீரவில்லை.

சாயங்காலம் கனகலட்சுமி சித்தி போன் செய்தார்கள். நான் கெமிஸ்ட்ரியை விட்டுவிட்டதாகச் சொன்னேன். "ஏட்டி, சேரும்போது ஒரு தண்ணி மூலக்கூறு வெளிய போவும்னு நீதான் சொன்னியாமே? அது அப்பா துண்டுல இருக்கு. நான் தொவைக்கல" என்றார்கள். பாக்கிக் கேள்வியையும் கேட்டுவிட்டேன். அவர்கள் பதில் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. பி.காம். வேண்டாம் என்று முடிவாகிவிட்டது.

பால்ச்சாமி தாத்தாவுக்கு நான் எழுதச் சொன்ன அந்த ஒரு வரியை நீங்கள் எழுத வேண்டாம், சித்தப்பா. லீவுக்கு மட்டும் சீக்கிரம் எழுதிப் போடுங்கள். வரும்போது சாக்ஸைத் துவைக்காமல் போட்டுக்கொண்டு வாருங்கள். வருவது நீங்கள்தான் என்று டைகருக்குத் தெருமுனையிலேயே தெரிந்துவிடும்.